நெடுந்தீவுப் படகைப் பிடித்து வைத்த பிற்பகல்

கொழும்பு வெள்ளவத்தையில் முச்சக்கரவண்டி ஐந்து நிமிடம் பிந்தினால் கைத்தொலைபேசியிலேயே அதை இரத்துச் செய்துவிட்டு வேறொன்றைக் கூப்பிடுகிற ஆள் நான். இந்தக் குணத்தோடு தீவுப்பகுதிக்குப் போகக்கூடாது என்று என் சிநேகிதி மாலினி முதலிலேயே சொன்னாள். அவள் வேலணைக்காரி, கொழும்பில் ஒரே வங்கியில் என்னோடு வேலை பார்த்துவிட்டு ஊரோடு போய்ச் சேர்ந்தவள். "இஞ்சை மணிக்கூடு பார்க்கிற ஆக்களுக்குத்தான் பிரஷர் ஏறும். யோசிச்சு வா," என்றாள். கேட்டேனா? யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தும் ஐம்பத்திரண்டு வயதுவரை நெடுந்தீவைக் கண்ணால் காணவில்லை என்ற வெட்கம் ஒரு பக்கம். எடுக்காமல் கிடந்த விடுமுறை மறுபக்கம். ஆடி மாதம், சோளகக் காற்று மரங்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை, தோளில் ஒரு பையோடு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் போய் நின்றேன்.

பண்ணைப் பாலத்தால் போனால் வேலணை அரை மணித்தியாலத் தூரம்தான். நான் சுற்றிப் போக முடிவு செய்தேன். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே உள்ள கடலை ஒரு தட்டையான மிதவை கடக்கிறது. அதைத்தான் அந்தப் பக்கத்தவர்கள் பாதை என்கிறார்கள். அதில் ஏற வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. காரைநகர்ப் பஸ் என்னைத் துறையில் இறக்கிவிட்டபோது பாதை இந்தக் கரையில்தான் நின்றது. நாலு மோட்டார் சைக்கிள், ஒரு முச்சக்கரவண்டி, ஐஸ் கட்டி ஏற்றிய சைக்கிள் ஒன்று, கிடுகுக் கட்டோடு ஒரு ஐயா. ஓட்டுபவர் நிழலில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?" என்று கேட்டேன்.

"நிறைஞ்சாப் போகும்."

"நிறையாட்டி?"

"நிறையாட்டியும் போகும்," என்றார். மணிக்கூட்டைப் பார்த்தேன். மாலினியின் முகம் நினைவுக்கு வந்தது. மணிக்கூட்டைக் கழற்றிப் பையில் போட்டேன்.

அக்கரை ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. அங்கே பேசினால் இங்கே கேட்கும்போல இருக்கிறது. ஏறுவதற்கு யாரும் காசு கேட்கவில்லை. நடுவில் காற்று என் சால்வையைப் பறித்து ஐஸ்காரரின் முகத்தில் போட்டது. அவர் அதை மடித்துத் தந்துவிட்டுச் சிரித்தார். அக்கரையில் இறங்கியபோது வேலணைப் பஸ் போய்விட்டிருந்தது. பாதைக்கும் பஸ்ஸுக்கும் பேச்சுவார்த்தை இல்லைப்போலும். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய பள்ளிக்கூட வான் ஒன்று கை காட்டாமலே நின்றது. "எங்கை அக்கா?" "வேலணை." "ஏறுங்கோ." இதுதான் தீவுப்பகுதியின் இரண்டாவது பஸ் சேவை என்பது இரண்டு நாளில் எனக்கு விளங்கிவிட்டது. நேர அட்டவணை கிடையாது, ஆனால் முதலாவதைவிட ஒழுங்காக ஓடுகிறது.

அன்று மாலினி வீட்டில் விளைமீன் குழம்பும் முருங்கையிலை வறையும் சாப்பிட்டேன். பின்னேரம் சாட்டிக் கடற்கரையில் மணல் கண்ணில் அடிக்க அடிக்க நடந்தோம். நெடுந்தீவுக்கு அன்று படகு ஓடவில்லை என்று அங்கே ஒருவர் சொன்னார். காற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காற்றுக் கொஞ்சம் இறங்கியிருந்தது. காலைப் படகு ஓடவில்லை, பின்னேரப் படகு ஓடும் என்று செய்தி வந்தது. மத்தியானச் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு வங்களாவடிச் சந்தியில் 776ஐப் பிடித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் போகிற பஸ் அது. குறிகட்டுவானில்தான் தரை முடிகிறது; அதற்கப்பால் நயினாதீவானாலும் நெடுந்தீவானாலும் படகுதான். பஸ்ஸுக்குள் ஆட்களைவிடச் சாமான் அதிகம். சாரதிக்குப் பக்கத்தில் மருந்துப் பை, முட்டை அட்டி, ஒரு புதுக் கதிரை. இவற்றுக்குச் சொந்தக்காரர் யாரும் பஸ்ஸில் இல்லை. ஏற்றிவிட்டால் அங்காலே யாரோ இறக்குவார்கள்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவளும் அப்படித்தான் ஏற்றி விடப்பட்டவள். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள். மடியில் வெள்ளைத் துவாயில் சுற்றிய பச்சைப்பிள்ளை. தலை மழித்து, நெற்றியில் பெரிய கறுத்தப் பொட்டு. காலடியில் மூன்று பை.

"அக்கா யாழ்ப்பாணத்திலை ஏத்தி விட்டவ. அங்கை நெடுந்தீவுத் துறையிலை அவர் நிப்பார். நடுவுக்குள்ளை தான் தனிய," என்றாள். "கடைசி மாதம் தொடங்கவே அக்கா வீட்டை வந்திட்டன் அன்ரி. பிரசவ நோ கண்டாப் பிறகு படகு தேட ஏலாது தானே."

அன்ரி என்றது கொஞ்சம் குத்தியது. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துபோனது.

"எத்தினை நாள்?"

"நேற்று முப்பத்தொண்டு. அக்கா வீட்டிலை தான் துடக்குக் கழிச்சது. அவர் காலமை வெளிக்கிட்டு நிண்டவர், படகு ஓடேல்லை." பிள்ளையின் காலைத் துவாய்க்குள் தள்ளினாள். "பிள்ளையை அவர் இன்னும் தூக்கேல்லை அன்ரி. பிறந்தண்டைக்கு வந்தவர். மஞ்சள் காமாலை எண்டு லைற்றுக்குக் கீழை கண்ணாடிப் பெட்டியிலை வைச்சிருந்தவை. வெளியிலை நிண்டு பாத்திட்டுப் போனவர். கடல் தொழில், நிக்க ஏலாது. பிறகு போனிலைதான். இண்டைக்கு வெள்ளிக்கிழமை, நல்ல நாள். இண்டைக்கு விட்டா நாளைக்குக் காத்து என்ன செய்யுமோ."

அவள் அப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, பஸ் ஒரு பக்கம் சாய்ந்து, தடதடவென்று இழுத்துக்கொண்டு நின்றது.

நின்ற இடம் வாணர் பாலம். வேலணையையும் புங்குடுதீவையும் சேர்க்கிற நீண்ட கடற்பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒற்றைக் கோடாகத் தெரு, ஒதுங்க ஒரு பனை கிடையாது. பின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. சாரதியும் கொண்டக்டரும் இறங்கிப் பார்த்தார்கள். இறங்கிய ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஆலோசனை சொன்னார்கள். மாற்றுச் சில்லு இருந்தது. ஆனால் பழைய சில்லின் ஆணிகள் உப்புக் காற்றில் இறுகி அசைய மறுத்தன. படகு வெளிக்கிடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"படகுக்காரருக்கு அடிச்சுப் பாருங்கோவன்," என்றேன்.

"அடிச்சுக்கொண்டு தான் அக்கா நிக்கிறன். எஞ்சின் போட்டா அவருக்கு இடி விழுந்தாலும் கேக்காது," என்றார் சாரதி. பக்கத்திலிருந்தவள் புருஷனுக்கு எடுத்தாள். அவரும் அந்தப் பக்கத்தில் இருந்து படகோட்டிக்கு அடித்துக்கொண்டுதான் நின்றாராம்.

படகைத் தவறவிட்டால் என்ன செய்வாள்? குறிகட்டுவானில் தங்க இடம் இல்லை. இதே பஸ்ஸில் யாழ்ப்பாணம் திரும்பி, மூன்று பையோடும் பச்சைப்பிள்ளையோடும் இரவில் அக்கா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவள் முறைப்பாடு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் தலைமேல் முந்தானையைப் பிடித்து வெயிலை மறைத்தபடி, ஆணியோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கும் சேர்த்து நான் முறைப்பட்டேன். பிந்துது, பிந்துது என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது.

அந்த நேரம் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கரியரில் வெறும் றெஜிபோம் மீன்பெட்டி கட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் மீன் விற்றுவிட்டுக் குறிகட்டுவானுக்குத் திரும்புகிறவர். ஒரு ஆளை ஏற்றலாம் என்றார். பிள்ளையோடு அவளை அந்தக் காற்றில் ஏற்ற ஏலாது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். யாராவது முன்னுக்குப் போய்ப் படகை மறிக்க வேண்டும். சாமான் இல்லாத ஆள் யார் என்று கொண்டக்டர் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது.

"நீங்கள் தானே அக்கா பிந்துது எண்டு சொன்னனீங்கள். நீங்களே போய்ப் படகைப் பிடியுங்கோவன்."

தன் வாயால் கெடுவது இப்படித்தான்.

பத்துக் கிலோமீற்றர் இருக்கும். முன்னால் மீன்காரர், பின்னால் மீன்பெட்டி, நடுவில் வெள்ளவத்தை வங்கி அதிகாரி. புங்குடுதீவின் வெறும் வளவுகளும் பூட்டிய பெரிய வீடுகளும் கோயில் கோபுரங்களும் ஓடி ஓடி மறைந்தன. "பயப்பிடாதையுங்கோ, பெட்டியைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ," என்று அவர் காற்றுக்குள் கத்தினார். பிடித்தேன். கையில் ஏறிய பாரை மீன் வாடை இரண்டு நாள் போகவில்லை. காசு நீட்டியபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

குறிகட்டுவானில் வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாய் நயினாதீவு விகாரைக்கு யாத்திரை போகிற சிங்கள ஆட்கள் நிறைந்து நின்றார்கள். நயினாதீவுப் படகுகள் இரண்டு துறையை ஒட்டிக் கட்டியிருந்தன. அவற்றுக்கு அப்பால், மூன்றாவதாக, நெடுந்தீவுப் படகு. அதில் ஏற வேண்டுமானால் முதல் இரண்டையும் தாண்ட வேண்டும். நான் தாண்டிய அழகைப் பற்றி எழுதப் போவதில்லை. போய்ச் சேர்ந்தபோது படகோட்டி கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்தார்.

"அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ. பஸ் வாணர் பாலத்திலை நிக்குது. முப்பத்தொண்டு முடிஞ்ச பிள்ளையோடை ஒரு தாய் வாறா."

"காத்து எழும்பப் போகுது அக்கா. இதிலை நாப்பது பேர் இருக்கினம். இனி நிண்டா எல்லாருக்கும் தான் கஷ்டம்," என்று கயிற்றை இழுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அப்போது படகின் உள்ளேயிருந்து, மடியில் கோழிக்கூட்டோடு இருந்த ஒரு பெண் கேட்டாள்: "ஆரின்ரை பிள்ளை?"

அவளோடு அரை மணித்தியாலத்துக்கு மேல் பேசியிருக்கிறேன். மஞ்சள் வந்தது தெரியும், துடக்குக் கழித்தது தெரியும், பெயரைக் கேட்கவில்லை.

"பேர் கேக்கேல்லை," என்றேன்.

படகு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பெயர் கேட்காமல் ஒருவரோடு பஸ்ஸில் வந்திருக்கிறேன் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை.

"தாய் உயரமோ, கட்டையோ?" என்றார் தொப்பி போட்ட ஒருவர்.

"பஸ்ஸுக்குள்ளை இருந்துகொண்டு வந்தவா. தெரியேல்லை. கண்ணாடி போட்டிருந்தவா."

"புருஷன் கந்தோர் வேலையோ, கடலோ?"

"கடல்."

"அப்ப நெடுந்தீவு மத்தியிலை, கண்ணாடி போட்டவள், எங்கடை சந்தையடிப் பிள்ளை," என்றார் தொப்பிக்காரர்.

"அவளுக்கு இன்னும் மாதம் இருக்கு," என்றாள் கோழிக்கூட்டுக்காரி. கிளி அக்கா என்று அவளைக் கூப்பிட்டார்கள். "இது கிழக்கிலை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை இருக்கிறவள். அவளும் கண்ணாடி."

"அவளுக்குப் பெடியன் பிறந்து வீட்டை வந்திட்டாள்."

"பெடியனோ? பெட்டை எண்டெல்லோ கேள்விப்பட்டன்."

"பெடியன் தான்," என்றார் படகோட்டி. கயிறு அவர் கையிலேயே இருந்தது. "போன கிழமை நான் தான் ஏத்திக்கொண்டு வந்தனான். நல்ல கொழுத்த பெடியன்."

"அது அவளின்ரை தங்கச்சியின்ரை," என்றாள் கிளி அக்கா.

"எனக்கே சொல்லுறியள்? என்ரை படகிலை வந்த பிள்ளை எனக்குத் தெரியாதோ?" படகோட்டி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் விளக்கத் தொடங்கினார். அந்தக் குடும்பத்தின் மூன்று சகோதரிகளும், அவர்களுக்கு வாய்த்த புருஷன்மாரும், யார் யாருக்கு எப்போது பிறந்தது என்பதும் ஒழுங்காக வந்தன. தொப்பிக்காரர் ஒவ்வொன்றையும் மறுத்தார். பின்பக்கத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி இரண்டாவது சகோதரியைப் பற்றி ஒரு திருத்தம் சொன்னார். எஞ்சின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. நான் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு வாக்குவாதம் இன்னும் கொஞ்சம் நீள வேண்டும் என்று மனதுக்குள் நயினாதீவு நாகபூஷணி அம்மாளுக்கு நேர்ந்தேன்.

மூன்றாவது சகோதரி கனடாவிலா பாரிசிலா என்ற கட்டத்தில், ஒருவழியாகச் சில்லு மாற்றிய 776 ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கியவளைப் பார்க்கப் படகில் எல்லாரும் எழும்பினார்கள். அவள் சந்தையடிப் பிள்ளையும் இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருப்பவளும் இல்லை.

"அட, இது எங்கடை தர்சினி. நந்தன்ரை பெண்சாதி. என்ரை பக்கத்து வளவு," என்றாள் கிளி அக்கா. அவள் குரலில் கொஞ்சம் கோபம். "நீ எப்ப பிள்ளை கண்ணாடி போட்டனி?"

"ஆஸ்பத்திரியிலை தான் அக்கா சோதிச்சுத் தந்தவை," என்றாள் தர்சினி துறையில் நின்றபடி.

பிறகு சாமான் ஏறத் தொடங்கியது. மூன்று படகு அடுத்தடுத்து நிற்பதால் யாரும் சுமந்துகொண்டு தாண்டுவதில்லை. துறையிலிருந்து கடைசிப் படகு வரை எல்லாரும் வரிசையாக நின்று கைக்குக் கை கடத்துகிறார்கள். நயினாதீவுப் படகில் இருந்த யாத்திரைக்காரர்களும், தமிழ் தெரியாதவர்களும்கூட, கையை நீட்டினார்கள். அரிசி மூட்டை, கதிரை, முட்டை அட்டி, தர்சினியின் மூன்று பை. அதன்பின், அதே வரிசையில், பிள்ளை. வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி எனக்குத் தந்தாள். நான் கிளி அக்காவுக்குக் கொடுத்தேன். என் கையில் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

கடல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நயினாதீவு வலப்பக்கம் ஒதுங்கிய பிறகு படகு எழும்பி எழும்பி விழுந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே அடிக்க, பெரிய பிளாஸ்டிக் படங்கு ஒன்றைத் தலைகளுக்கு மேல் இழுத்துக்கொண்டோம். பிள்ளை கிளி அக்காவின் மடியிலும், கோழிகள் என் மடியிலும் இருந்தன. பிள்ளை நல்ல நித்திரை. நெடுந்தீவில் நான் பார்த்த குதிரைகளையும் பெருக்கமரத்தையும் கல்வேலிகளையும் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், நல்லவை. எனக்கு அந்தப் படங்குக்குக் கீழே ஒரு யோசனைதான் ஓடியது. வெள்ளவத்தையில் என் மாடியில், எதிர்க் கதவில், ஒரு குழந்தை இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அழுகிற சத்தம் கேட்கும். அது பெடியனா பெட்டையா என்று எனக்குத் தெரியாது. அங்கே போக்குவரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் படகு தாழ்ந்தும் துறை உயர்ந்தும் இருந்தது. கரையில் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின், இரண்டு முச்சக்கரவண்டி, ஒரு பழைய பிக்கப், முப்பது நாற்பது ஆட்கள். யாரையோ கூப்பிட வந்தவர்கள்தான். ஆனால் படகைக் கட்டியதும் எல்லாரும் படியிலிருந்து தெருவரை வரிசையில் நின்றுவிட்டார்கள். சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவரையும் காணவில்லை.

"அந்தா, நீலச் சேட்டு. அதுதான் நந்தன்," என்று கிளி அக்கா எனக்குக் காட்டினாள். வரிசையில் ஆறாவதோ ஏழாவதோ நின்றான். தலை படிய வாரி, புதுச் சேட்டுப் போட்டிருந்தான். கண் படகுக்குள் தர்சினியைத் தேடியது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. வெங்காய மூட்டை வந்தது, வாங்கிக் கொடுத்தான். எரிவாயுச் சிலிண்டர் வந்தது, வாங்கிக் கொடுத்தான். கதிரை, பை, இன்னொரு பை. தர்சினி எழும்ப முயல்வதைக் கண்டுவிட்டான். எம்பி எம்பிப் பார்த்தான். அந்த நேரம் கிளி அக்கா பிள்ளையை முதல் ஆளிடம் கொடுத்தாள். வெள்ளைத் துவாய் படியேறியது. ஒருவர், அடுத்தவர், அடுத்தவர். நந்தனிடம் வந்தது. வாங்கினான். படகிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு, அடுத்த சாமானுக்குக் கையை நீட்டினான்.

வாங்கியவர் கையில் உள்ளதைப் பார்த்தார். நந்தனைப் பார்த்தார்.

"நந்தன்," என்றார். "இது உன்ரையடா."

நந்தன் திரும்பினான். பிறகு சிரிப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிள்ளை அந்த வரிசையில் முதல் தடவையாகப் பின்னுக்குக் கடத்தப்பட்டது. நந்தன் சிரிக்கவில்லை. பிள்ளையை இரண்டு கையிலும் வாங்கி, படியோரம் இறக்கி வைத்திருந்த ஒரு வெங்காய மூட்டைமேல் இருந்துவிட்டான்.

தர்சினி படியேறி வந்தாள், பின்னால் கோழிக்கூட்டோடு நான். "பிள்ளையைத் தெரியேல்லையோ உங்களுக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லத்தான் தொடங்கினாள்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இவ்வளவு பாரமில்லாமல் இருக்குமெண்டு எனக்குத் தெரியாது," என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். பிறகு அவனுக்குப் பக்கத்தில், அந்த மூட்டையிலேயே, இடம் பிடித்து இருந்தாள்.

"ஒராள் குறையுது," என்று படகோட்டி கீழேயிருந்து சத்தம் வைத்தார். "ஆராவது வாங்கோ, சாமான் கிடக்கு."

கோழிக்கூட்டைக் கீழே வைத்துவிட்டு நந்தன் நின்ற இடத்தில் போய் நின்றேன். முன்னால் நின்றவர் என்னைப் பார்த்து, தரலாமோ என்று கண்ணால் கேட்டார். கையை நீட்டினேன். அரிசி மூட்டை வந்தது.